நெல் ரகத்தில் டிரான்ஸ்போசான் உண்மையிலேயே தாவுகிறதா? கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

நிப்பான்பாரே என்ற ஜப்பானிகா நெல் ரகத்தின் முழு மரபணுத்தொகுதி வரிசை 2005இல் வெளியானது. சுமார் 38.9 கோடி எழுத்துகள் (டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற அலகுகள்) நீளம். அதில் ஏறத்தாழ 35 சதவீதம் டிரான்ஸ்போசான்கள், அதாவது இடம்விட்டு இடம் தாவக்கூடிய டிஎன்ஏ துண்டுகள். இதைப் படிக்கும் மாணவர்கள் பலரும், நெற்செடிக்குள் நாள் முழுக்கத் தாவல்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை சிதைந்து போனவை. முழுசாக இருப்பவற்றையும் செடி மெத்திலேற்றத்தால், அதாவது டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குறியை ஒட்டி, பூட்டி வைத்திருக்கிறது. இன்றைக்கும் தாவுகிறவை விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

ஒரு சாகுபடி ரகத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஏதாவது தாவுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிரதிகள் நிறைய இருப்பது சாட்சியம் ஆகாது. அவற்றிலிருந்து ஆர்என்ஏ நகல் வருவதும் ஆகாது. பெற்றோர் செடியில் இல்லாத ஒரு பிரதி பிள்ளைச் செடியில் இருக்க வேண்டும், செருகிய தடத்தோடு இருக்க வேண்டும். மற்றதெல்லாம் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கும், அவ்வளவுதான்.

தாவும் விதம் இரண்டு

பார்பரா மெக்கிளின்டாக் மக்காச்சோளத்தில் 1940களில் கண்டது 'வெட்டி ஒட்டும்' வகை: டிஎன்ஏ துண்டே பழைய இடத்தை விட்டுக் கிளம்பிப் புதிய இடத்தில் போய் அமரும். இன்னொரு வகை 'நகலெடுத்து ஒட்டும்' ரெட்ரோ டிரான்ஸ்போசான். இது ஆர்என்ஏவாகி, மறுபடி டிஎன்ஏவாகி, வேறொரு இடத்தில் செருகிக்கொள்ளும். பழைய பிரதி இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த வித்தியாசத்தை மறந்தால் பின்னால் வரும் சோதனைகளில் பாதி புரியாமல் போகும். முதல் வகையில் வெளியேற்றம், நுழைவு இரண்டையுமே தேடலாம். இரண்டாம் வகையில் நுழைவு மட்டும்தான்.

எந்த வகையாக இருந்தாலும், செருகும்போது அந்த இடத்திலுள்ள சில எழுத்துகள் இரண்டு பக்கமும் இரட்டித்து நிற்கும். இதை இலக்கு இரட்டிப்பு என்போம். அதன் நீளம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இந்த இரட்டிப்புதான் நம் கையிலிருக்கும் கைரேகை.

படி 1: எந்தக் கூறு (டிரான்ஸ்போசான்) என்று முடிவு செய்யுங்கள்

'டிரான்ஸ்போசான் செயல்பாடு' என்று பொதுவாகத் தேடக் கிளம்பினால் எதுவும் அகப்படாது. நெல்லில் தாவுவதாக நிரூபணமானவற்றிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

டோஸ்17. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த, கோப்பியா என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்த ரெட்ரோ டிரான்ஸ்போசான். நீளம் சுமார் 4,100 எழுத்துகள், இரட்டிப்பு 5 எழுத்துகள். நிப்பான்பாரேயில் 7ஆம், 10ஆம் குரோமோசோம்களில் ஒவ்வொன்றாக மொத்தம் 2 பிரதிகள்தான் உள்ளன. அவற்றில் தாவுவது 7ஆம் குரோமோசோமில் இருப்பது. வயலில் வளரும் செடியில் அது தூங்கும். திசு வளர்ப்பில் காலஸாக, அதாவது உருவமற்ற செல் திரளாக, மாற்றினால் விழித்துக்கொள்ளும், காலஸ் வயது கூடக்கூடப் பிரதிகளும் கூடும். மீண்டும் முழுச் செடியாக வளர்த்துவிட்டால் பழையபடி அடங்கிவிடும். ஆராய்ச்சியாளர்களுக்கு இதைவிட வசதியான குணம் வேறென்ன வேண்டும்? தேவைப்படும்போது எழுப்பிவிட்டு, வேலை முடிந்ததும் தூங்க வைக்கலாம். இதை வைத்தே சுமார் 50,000 பிறழ்வுச் செடி வம்சங்களை ஜப்பானில் உருவாக்கினார்கள்.

எம்பிங். 430 எழுத்துகள் மட்டுமே உள்ள குட்டித் துண்டு, வெட்டி ஒட்டும் வகை. 2003இல் மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் இதை அறிவித்தன: ஒரு குழு செல் வளர்ப்பில் பார்த்தது, இன்னொன்று மகரந்தப்பை வளர்ப்பில், மற்றொன்று காமா கதிர் பட்ட ஜிம்போசு ரகத்தின் ஒல்லி உமி பிறழ்வில். எம்பிங்குக்குச் சொந்தமாக என்சைம் கிடையாது. பிங், பாங் என்ற பெரிய உறவினர்கள் செய்யும் என்சைமைக் கடன் வாங்கித்தான் தாவுகிறது. இவை இரண்டும் 5,000 எழுத்துகளுக்கு மேல் நீளமானவை. நிப்பான்பாரேயில் எம்பிங் சுமார் 50 பிரதிகள், பிங் ஒன்றே ஒன்று. ஜிம்போசுவின் ஈஜி4 என்ற செடி வம்சத்தில் எம்பிங் ஆயிரத்துக்கு மேல், பிங் 7. அந்தச் செடிகளில் ஒரு தலைமுறைக்கு ஒரு செடியில் சுமார் 40 புதிய செருகல்கள் வரை கணக்கிட்டிருக்கிறார்கள். கதிர்வீச்சு இல்லை, திசு வளர்ப்பு இல்லை, வயலில் சும்மா வளரும்போதே இவ்வளவு. பயிரிடும் நெல்லில் உயிரோட்டமான தாவலைப் பார்க்க ஆசைப்படுகிறவர் இதிலிருந்து தொடங்கட்டும்.

என்டார்ட்1. சுமார் 600 எழுத்துகள், இரட்டிப்பு 8. இதைத் தாவ வைப்பது ஏடார்ட் என்ற கூறு. டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம். வெளிர்மஞ்சள் இலையில் பச்சைக் கோடுகள் ஓடினால், அந்தக் கோட்டிலுள்ள செல்களில் என்டார்ட்1 வெளியேறி, அது முடக்கியிருந்த மரபணு மீண்டும் வேலை செய்கிறது என்று பொருள்.

இவை தவிர லைன் என்ற ரெட்ரோ வகையைச் சேர்ந்த கர்மா, வெப்பத்தில் விழிக்கும் கோ-ஆன், விதையின் மாவுத்திசுவில் விழிக்கும் பாப்ரைஸ் என்று இன்னும் சில உண்டு. பாப்ரைஸ் விஷயத்தில் ஒரு குறிப்பு: மாவுத்திசு அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. அங்கே என்ன கூத்து நடந்தாலும் வாரிசுச் செடிக்கு அது வராது.

படி 2: ஒரே செடியின் வம்சத்தை வையுங்கள்

பலரும் சறுக்கும் இடம் இது. விதைப் பொட்டலத்தின் மேல் ஒரு ரகத்தின் பெயர் இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் விதைகள் மரபில் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்தான். இருந்தாலும் அயல் மகரந்தம் கொஞ்சம் வரும், கலப்பும் நேரும், பழைய தாவல்களின் மிச்சமும் தொகுப்புக்குள் இருக்கும்.

நாங்கள் முதல்முறை செய்தபோது எட்டுச் செடிகளில் ஐந்தில், ஜெல்லில் 'புதிய' பட்டைகளை (ஒவ்வொன்றும் ஒரு நீள டிஎன்ஏ துண்டு) பார்த்து இரண்டு நாள் குதித்தோம். அப்புறம்தான் தெரிந்தது, பெற்றோர் என்று நாங்கள் ஒப்பிட்டது அதே பொட்டலத்திலிருந்து முளைத்த வேறொரு செடி. தாயே இல்லை.

எனவே ஒரே ஒரு செடியை எடுங்கள். பூக்கும் முன் அதன் இளம் இலையைப் பறித்து டிஎன்ஏ எடுத்து, பெயரிட்டு, உறைபெட்டியில் பத்திரப்படுத்துங்கள். கதிர்களுக்கு உறை மாட்டிச் சுயமாக விதை பிடிக்க விடுங்கள். அந்த விதைகளிலிருந்து குறைந்தது எட்டுப் பத்துச் செடிகள் வளருங்கள். தனித்தனி எண், தனித்தனி டிஎன்ஏ. தாய், பிள்ளைகள், முடிந்தால் பேரப்பிள்ளைகள் வரை.

திசு வளர்ப்பில் சோதிப்பதாக இருந்தால், காலஸ் எடுத்த அதே விதையின் உடன்பிறப்புகளை வளர்ப்புக்குப் போகாத கட்டுப்பாடாக வையுங்கள். காலஸின் வயதையும் வாரக் கணக்கில் குறித்துவையுங்கள். டோஸ்17 விஷயத்தில் அந்த எண் இல்லாமல் முடிவுகளை ஒப்பிடவே முடியாது.

படி 3: கணினியில் முன்வேலை

உங்கள் ரகத்துக்கு நெருக்கமான முழு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். நெல்லின் இன்னொரு பெரும் பிரிவான இண்டிகாவைச் சேர்ந்த ரகத்தை நிப்பான்பாரேவுடன் ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான வேறுபாடுகள் வந்து கொட்டும். அவை பழைய பிரிவினையின் தடயங்கள், நேற்றைய தாவல்கள் அல்ல. மின்ஹுய் 63, ஜென்ஷான் 97 போன்ற இண்டிகா வரிசைகள் இதற்குப் பொருந்தும். ரிபீட்மாஸ்கர், ஈடிடிஏ போன்ற மென்பொருள்களால் கூறுகளைக் குறியிட்டுக்கொள்ளலாம்.

முழுமையான எல்டிஆர் வகை (இரு முனைகளிலும் ஒரே நீண்ட வரிசை உள்ள) ரெட்ரோ டிரான்ஸ்போசானின் வயதை இங்கேயே தோராயமாகக் கணக்கிடலாம். செருகும் நேரத்தில் அதன் இரண்டு முனைகளும் ஒன்றுபோல் இருக்கும், பிறகு காலப்போக்கில் தனித்தனியாக மாறும். வேறுபாட்டின் விகிதத்தை, இரண்டால் பெருக்கிய மாற்ற வேகத்தால் வகுத்தால் வயது. நெல்லுக்குப் பரவலாகப் பயன்படும் வேகம், ஓர் எழுத்துக்கு ஆண்டுக்கு 1.3 × 10⁻⁸. ஆக 500 எழுத்து முனைகளில் 13 வித்தியாசம் இருந்தால் 0.026-ஐ 2.6 × 10⁻⁸ ஆல் வகுக்க, 10 லட்சம் ஆண்டுகள்.

இந்தக் கணக்கில் ஒரு கண்ணியும் இருக்கிறது. அதே 500 எழுத்து முனைகளில் ஒரே ஒரு வித்தியாசம் சேர சராசரியாக 77,000 ஆண்டுகள் ஆகும். அதனால் 'இரண்டு முனைகளும் நூற்றுக்கு நூறு ஒன்று' என்று பார்த்ததும் 'இப்போது தாவுகிறது' என்று எழுதிவிடாதீர்கள். மனிதன் நெல்லைப் பயிரிடத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே தாவி முடித்த பிரதியும் அப்படியே தெரியும். அடுத்த படிகளில் யாரைக் கவனிக்க வேண்டும் என்ற பட்டியலுக்கு மட்டும் இது உதவும்.

நீண்ட கால அளவில் இந்தத் தாவல்கள் என்ன செய்யும் என்பதற்குக் காட்டு நெல் ஒரைசா ஆஸ்திரேலியென்சிஸ் நல்ல உதாரணம். மூன்றே மூன்று ரெட்ரோ டிரான்ஸ்போசான் குடும்பங்கள் பெருகியதில் அதன் மரபணுத்தொகுதி கடந்த 30 லட்சம் ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல் வீங்கிவிட்டது.

படி 4: விழித்திருக்கிறதா?

முதலில் ஆர்என்ஏ. மாதிரியில் கொஞ்சம் டிஎன்ஏ மிச்சமிருந்தாலே, நூற்றுக்கணக்கில் பிரதியுள்ள கூறு பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் முறை) பளிச்சென்று ஒளிரும். டிஎன்ஏவைத் தின்னும் டிஎன்ஏஸ் என்சைம் கொடுத்தது போதுமென்று விட்டுவிடாமல், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் எதிர்ப்படியாக்க என்சைம் சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் பட்டை வந்தால் அன்றைய வேலையைக் குப்பையில் போடுங்கள். இன்னொன்று, பக்கத்து மரபணுவின் படியெடுப்பு (ஆர்என்ஏ நகலெடுப்பு) நிற்காமல் கூறுக்குள் ஓடி வந்திருக்கலாம். படியெடுப்பு கூறின் சொந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து கிளம்புகிறதா என்று பாருங்கள்.

அடுத்து மெத்திலேற்றம். எளிய வழி: ஒரே இடத்தை வெட்டினாலும் மெத்திலுக்கு வேறுவிதமாக எதிர்வினை காட்டும் ஹெச்பிஏ2, எம்எஸ்பி1 என்ற இரட்டை என்சைம்களால் வெட்டி ஒப்பிடுவது. விரிவான படம் வேண்டுமானால், மெத்தில் ஏறிய எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் பைசல்பைட் வரிசையாக்கம். டோஸ்17-இல் இது அழகாகத் தெரியும். வளர்ப்பில் மெத்தில் குறைகிறது, செடி மீண்டும் முளைத்து வளர்ந்ததும் பூட்டு திரும்புகிறது.

ரெட்ரோ வகைக்கு இன்னொரு நல்ல சோதனை உண்டு. செருகப் போகும் டிஎன்ஏவில் ஒரு பகுதி வழியிலேயே வட்டமாக மூடிக்கொள்ளும். நேர்க்கோட்டு டிஎன்ஏவை என்சைமால் தின்ன வைத்து, மிஞ்சும் வட்டங்களை மட்டும் வரிசைப்படுத்தினால் எந்தக் குடும்பம் இப்போது நகலெடுக்கிறது என்று தெரியும். 2017இல் பாப்ரைஸைக் காட்டிக்கொடுத்ததும் இந்த முறைதான். ஆர்என்ஏவைவிட இதை நான் அதிகம் நம்புவேன். இருந்தாலும் வட்டம் என்பது பாதி வழிதான். அது எங்கும் செருகாமலே அழிந்தும் போகலாம்.

படி 5: வெளியேறியதா?

இது எம்பிங், என்டார்ட்1 போன்றவற்றுக்கு மட்டும். கூறின் இருபுறமும் உள்ள தனித்துவமான வரிசையில் பிரைமர்கள் (பிசிஆரைத் தொடங்கி வைக்கும் குட்டி டிஎன்ஏ இழைகள்) அமையுங்கள். காலி இடத்தில் 300 எழுத்து வரும்படி வடிவமைத்தால், எம்பிங் உட்கார்ந்திருக்கும்போது 300 + 430 + 3 = 733 வரும். அந்த 3, இரட்டித்த எழுத்துகள்.

733 மட்டும் வந்தால் இரண்டு குரோமோசோமிலும் கூறு இருக்கிறது. இரண்டு பட்டைகளும் பலமாக வந்தால் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை. 733 பலமாக, 300 மங்கலாக வந்தால் சில செல்களில் மட்டும் வெளியேறியிருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிசிஆர் எப்போதும் குட்டித் துண்டின் பக்கம் சாயும். ஆயிரத்தில் ஒரு செல்லின் காலி இடமும் பட்டையாகத் தெரிந்துவிடும், வேறொரு குழாயிலிருந்து தெறித்த துளியும் அப்படியே தெரியும். ஆகவே 300 பட்டையை வெட்டியெடுத்து வரிசைப்படுத்துங்கள். எம்பிங் பெரும்பாலும் சுவடே இல்லாமல் வெளியேறும், பழைய வரிசை அப்படியே திரும்பும். என்டார்ட்1 சேரும் ஹாட் குடும்பம் போகும்போது சில எழுத்துகளைச் சிதைத்துவிட்டுப் போகும். அந்தச் சிதைவு கிடைத்தால் மாசுபட்ட மாதிரி என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

படி 6: புதிய பிரதியைத் தேடுங்கள்

குறைந்த செலவு வழி டிரான்ஸ்போசான் டிஸ்ப்ளே. டிஎன்ஏவை அடிக்கடி வெட்டும் என்சைமால் துண்டாக்கி, முனைகளில் அடாப்டர் என்ற தெரிந்த வரிசையை ஒட்டி, ஒரு பிரைமரைக் கூறின் ஓரத்திலும் மற்றதை அடாப்டரிலும் வைத்துப் பெருக்குவது. ஒவ்வொரு செருகலும் வெவ்வேறு நீளப் பட்டையாக விழும். தாய், பிள்ளைகளை அடுத்தடுத்த வரிசையில் ஓட்டினால் புதிய பட்டை கண்ணில் படும். டோஸ்17 போலப் பிரதி குறைவாக உள்ளவற்றுக்கு, பிரதிகளைப் பெருக்காமலே பட்டைகளாகக் காட்டும் சதர்ன் பிளாட் இன்றும் நம்பகமானது. பழைய முறை என்று முகம் சுளிக்க வேண்டாம்.

வசதி இருந்தால் முழு மரபணுத்தொகுதி வரிசையாக்கம். 150 எழுத்துத் துண்டுகளாகப் படிக்கும் கருவியில் 30 மடங்கு ஆழமாவது (ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 முறை படிப்பது) வையுங்கள். புதிய செருகல் முதலில் ஒரு குரோமோசோமில் மட்டுமே இருக்கும். ஆகவே அதற்குச் சாட்சி சொல்லும் துண்டுகளும் பாதிதான் கிடைக்கும். ரெலோகேட்2 போன்ற மென்பொருள்கள் இரண்டு தடயங்களைத் தேடும்: பாதி கூறிலும் பாதி பக்கத்து வரிசையிலும் விழும் துண்டுகள், அப்புறம் ஒரு முனை கூறிலும் மறுமுனை வேறிடத்திலும் விழும் ஜோடிகள். நீள்வாசிப்புக் கருவி கிடைத்தால் டோஸ்17 முழுவதையும் ஒரே வாசிப்பில் தாண்டிவிடலாம், பாதி தலைவலி போகும்.

படி 7: ஈவிரக்கமின்றி வடிகட்டுங்கள்

மென்பொருள் தரும் பட்டியல் எப்போதும் நீளமாகவே இருக்கும். முதலில், எல்லாப் பிள்ளைகளிலும் இருப்பதை நீக்குங்கள். அது தாயிலும் இருந்திருக்கும், தாயின் வாசிப்பில் தவறிப் போயிருக்கும். இரண்டாவது, இருபுறச் சந்திப்பும் தெரியாததை ஒதுக்குங்கள். மூன்றாவது, கைரேகை: எம்பிங்குக்கு 3 எழுத்துகள், அதுவும் டிடிஏ அல்லது டிஏஏ, டோஸ்17-க்கு 5, என்டார்ட்1-க்கு 8. இரட்டிப்பு சரியில்லை என்றால் அது பெரும்பாலும் வரிசையாக்கத்துக்கு டிஎன்ஏவைத் தயாரிக்கும்போது தவறாக ஒட்டிக்கொண்ட துண்டு. மிஞ்சுவதை ஐஜிவி என்ற வரிசை பார்க்கும் மென்பொருளில் ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள், பிறகு பிசிஆரில் உறுதி செய்யுங்கள்.

கடைசியாக அந்தச் செடியின் விதைகளை முளைக்க வையுங்கள். செருகல் பிள்ளைகளில் 1:2:1 கணக்கில் பிரிந்து வந்தால் அது இனச்செல் வரை போன தாவல். வரவில்லையா? அந்த இலையோடு முடிந்த கதை.

நூற்றுக்கணக்கான ரகங்களின் பொதுத் தரவை வைத்துச் செய்பவர்களுக்கும் ஒரு சொல். 2014இல் வெளியான 3,000 நெல் மரபணுத்தொகுதிகளின் தரவில், 32 ரெட்ரோ டிரான்ஸ்போசான் குடும்பங்களை 2019இல் தேடியபோது 50,000க்கு மேல் மாறுபடும் செருகல்கள் கிடைத்தன. பெரும்பாலானவை மிகச் சில ரகங்களில் மட்டும் இருப்பவை. அண்மைக் காலத் தாவலுக்கு இது நல்ல தடயம். ஆனால் தாய், பிள்ளை தெரியாத தரவில் 'எந்தத் தலைமுறையில் நடந்தது' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

படி 8: தாவியது என்ன செய்தது?

செருகல் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்தது இது. டோஸ்17 மரபணுக்கள் நிறைந்த பகுதிகளையே விரும்பும், உள்ளே விழுந்தால் மரபணுவை உடைக்கும். எம்பிங் புரதத்தைக் குறிக்கும் பகுதிகளைப் பெரும்பாலும் தவிர்த்து, மரபணுவுக்குச் சற்று முன்னால் போய் அமரும். அதனால்தான் ஆயிரம் பிரதிகள் ஏறியும் ஈஜி4 செடி நன்றாக விளைகிறது. முன்னால் அமர்ந்த சில பிரதிகள் அந்த மரபணுக்களைக் குளிருக்கும் உப்புக்கும் எதிர்வினை காட்ட வைத்ததாக 2009இல் காட்டினார்கள். ஆகவே சாதாரணச் சூழலில் மரபணுவின் அளவு மாறவில்லை என்று கோப்பை மூடிவிடாதீர்கள். நாற்றுகளைக் குளிரிலும் உப்பு நீரிலும் வைத்து மீண்டும் அளந்து பாருங்கள்.

ஒரு தோற்ற மாற்றத்துக்குக் காரணம் இந்தச் செருகல்தான் என்று சொல்ல வேண்டுமா? வெட்டி ஒட்டும் வகையில் நிரூபணத்தைச் செடியே தந்துவிடும். ஜிம்போசுவின் ஒல்லி உமிச் செடிகளின் சந்ததியில் அவ்வப்போது சாதாரண உமியுள்ளவை தோன்றும். அவற்றில் எம்பிங் இடத்தைக் காலி செய்திருக்கும், மரபணு பழைய வரிசைக்குத் திரும்பியிருக்கும். டோஸ்17-இல் இந்தச் சலுகை கிடையாது, செருகியது செருகியதுதான். மேலும் திசு வளர்ப்பு டோஸ்17-ஐ எழுப்புவதோடு நிற்காமல் வேறு பிறழ்வுகளையும் கொண்டுவரும். எனவே அதே மரபணுவில் வேறொரு செருகல் உள்ள இரண்டாவது செடி வம்சத்தைத் தேடி எடுங்கள், அல்லது சரியான மரபணுவைச் செடிக்குள் திரும்பச் செலுத்திப் பழைய தோற்றம் வருகிறதா என்று பாருங்கள்.